சிவப்பு எழுத்து

ஊரப்பாக்கத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ஏசுதாஸ், மனைவி ஜெசிந்தாவின் கார் கண்ணாடியில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, சிவப்பு 'L' ஸ்டிக்கரை வைத்தார். ஈரத்திலேயே நகர்த்தி நேராக்கி, அடியிலிருந்த தண்ணீரை வழித்தெடுத்தார்.

"அக்கா கார் ஓட்டக் கத்துக்குதா?" என்றான், பைக்கில் பெயர் ஒட்ட வந்த சாம். "பாத்து அண்ணாத்த, லேடீஸ் ஓட்டினா பேஜாரு."

"ஆமாப்பா, எனக்கும் பயமாத்தான் கீது."

ஸ்டிக்கரின் மேல் தாளை உரித்துவிட்டு ஏசுதாஸ் டிரைவர் சீட்டில் ஏறினார். மறைமலைநகரில் பத்து வருடமாகக் கம்பெனி பஸ் ஓட்டும் ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாம் விழித்தான்.

"கத்துக்கறது நான்தாம்பா," என்றார் ஏசுதாஸ். "இருபது வருசமா ஊர் வண்டிக்கெல்லாம் 'வேகம்'னு ஒட்டினேன். எனக்கு ஃபர்ஸ்ட் கியரே வுழ மாட்டேங்குது."

"மொதல்ல சாவியப் போடு," என்றாள் ஜெசிந்தா.