நின்று பேசிய கிண்ணம்

பொட்டல் காட்டில் ஒரு கம்பம் நின்றது. அதன் உச்சியில் சுழன்று சுழன்று காற்றை அளப்பது ஒரு சின்னக் கிண்ணத்தின் வேலை. கீழே புல்லில் காற்றாலை இறக்கை ஒன்று படுத்துக் கிடந்தது. அங்கே காற்றாலை கட்ட நினைத்தவர்கள், அதற்குக் கடன் கிடைத்துவிடும் என்று நம்பி, முன்கூட்டியே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஒரு வருடம் விட்டுப்போகாமல் அளந்து காட்டினால்தான் வங்கி கடன் தரும். அப்புறம்தான் இறக்கை மேலே ஏறும்.

பதினோராவது மாதம், நல்ல ஆடிக்காற்றில், இறக்கை கீழிருந்து என்னவோ கேட்டது. சுழல்கிற சத்தத்தில் கிண்ணத்தின் காதில் விழவில்லை. பாவம், இத்தனை மாதமாகப் படுத்தே கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழல்வதை நிறுத்தியது.

"என்ன கேட்டே தம்பி?"

"மேலே காத்து எப்படி இருக்கு அண்ணே?"

"இப்படி ஒரு காத்தை நான் பார்த்ததே இல்லை. நீ மட்டும் மேலே வந்துட்டா ஊரெல்லாம் விளக்கு எரியும்."

பொழுது சாயும்வரை நின்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பதிவில் அந்த நாள் காலியாக இருந்தது. "முதலிலிருந்து அளந்து கொண்டுவாங்க" என்றது வங்கி. அதற்குள் காற்றாலைக்கு அரசு தரும் சலுகையின் கெடு முடிந்துபோனது; கட்ட வந்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். லாரி வந்து இறக்கையை ஏற்றிக்கொண்டு போனது.

கிண்ணத்தை இறக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அடுத்த வருடம் முழுக்க அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. கம்பத்தில் வந்து உட்கார்ந்த மைனா, "காத்து எப்படி?" என்று கேட்டபோதும் வாய் திறக்கவில்லை.

கீழே, இறக்கை கிடந்த நீளத்துக்குப் புல் புதிதாக முளைத்திருந்தது.