கடைசி மடிப்பு

ஒரு பள்ளி விடுதியில், பொற்கொடியின் தகரப்பெட்டிக்குள் நீலச் சீருடைப் பாவாடை ஒன்று இருந்தது. வளரும் பிள்ளை என்று அவள் அம்மா அதைப் பெரிதாக எடுத்து, கீழே மடிப்பு மேல் மடிப்பாக மடித்துத் தைத்து அனுப்பியிருந்தாள். பொற்கொடி உயர உயர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டுக்கொண்டாள். இந்த ஆண்டு கடைசி மடிப்பைப் பிரித்தும் முழங்கால் மறையவில்லை.

"உன் கதை முடிஞ்சுதுடி. இனிமே நீ அடுப்படிக்குக் கரித்துணிதான்," என்றது பெட்டி.

"சும்மா இருண்ணே. அவ என்னை விடமாட்டா. வந்த புதுசுல என்னைப் பிடிச்சுக்கிட்டுதானே அழுதா?"

"இப்ப அழுறாளா?"

பாவாடை யோசித்துப் பார்த்தது. அவள் அழுது எவ்வளவோ காலமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பொற்கொடி பாவாடையை வெளியே எடுத்தாள். அவள் கையில் கத்தரிக்கோலைக் கண்டதும் அதற்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில், சீருடை இன்னும் வந்துசேராத புதுச் சிறுமி ஒருத்தி மிரண்டுபோய் நின்றாள்.

"பயப்படாதடி. அக்கா இருக்கேன்ல?" என்ற பொற்கொடி, எல்லா மடிப்பையும் திரும்ப மடித்துத் தைத்து, நூலை நறுக்கி, பாவாடையை அவளுக்கு மாட்டிவிட்டாள்.

பாவாடைக்கு மூச்சு வந்தது. கூடவே அடுத்த கவலையும் வந்துவிட்டது: ஐயோ, இவளும் வளர்ந்துவிடுவாளே!