ஒன்றுகூடச் சாகாத தொட்டி

“பழைய லைட்டுல ஒண்ணுகூடச் சாகலையே! அப்புறம் எதுக்கு வேற மாதிரி வாங்கணும்?” என்றார் அவர், கடைக்காரரிடம் சொல்வதுபோல மனைவியைப் பார்த்து.

அவளுக்குக் கால் கடுத்தது. மீன் தொட்டிக் கடைக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் ஆகியும், வீட்டுப் பவளத்தொட்டியில் எரியாமல் போன பழைய விளக்குக்குப் பதிலாக ஒன்றை எடுத்தபாடில்லை. இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அபூர்வமான விடுமுறை. கொஞ்சம் கட்டையைச் சாய்க்கலாம் என்றிருந்தாள். அதற்கும் வைத்தது இந்தத் தொட்டி வேட்டு.

உள்ளே வந்தபோதே ஒரு கண்டம் தப்பியிருந்தது. கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “நீங்க... ரெண்டு பேரும்...” என்று இழுத்தார்.

“என் வீட்டுக்காரர். இந்தக் கடைக்கு முதல் தடவையா வர்றோம்” என்று அவள் முந்திக்கொண்டாள்.

“ஆமாமா, முதல் தடவை” என்றார் அவரும்.

கடைக்காரருக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. நல்லவேளை, மனுஷன் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார் என்று அவளுக்கு நிம்மதி.

இப்போது கடைக்காரர் மறுபடி பொறுமையாக ஆரம்பித்தார். “இங்க பாருங்க சார். இந்தச் சின்ன லைட்டு உங்க பழைய லைட்டு மாதிரிதான், மெத்துன்னு அழகா எரியும். மீனுக்குப் போதும். ஆனா பவளம் கல்லு இல்ல, உயிருள்ளது. வெளிச்சம்தான் அதுக்குச் சாப்பாடு. இதைப் போட்டா அது அரைப் பட்டினிதான். இந்தப் பெரிய லைட்டு போட்டீங்கன்னா நல்லா வளரும். முதல்ல வெளிச்சத்தைக் கம்மியா வச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். என்ன, ஹால்ல உக்காந்தா கண்ணு கூசும்.”

“கண்ணு கூசுமா?” அவர் மனைவியிடம் திரும்பினார். “நீ என்ன சொல்றே?”

“நான் என்னங்க சொல்றது? உங்களுக்கு எது பிடிக்குதோ அதை எடுங்க.”

“எனக்கென்ன, எதுவானாலும் சரி. நீயே சொல்லு.”

“நீங்களே சொல்லுங்க.”

கல்யாணப் புடவைகூட இவ்வளவு இழுபறி இல்லாமல் எடுத்தாயிற்று. விளக்கு எடுக்க இந்தப் பாடு.

பெரியதைத்தான் வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் என்னத்தைச் சொல்வது? தொட்டி வைத்த நாளிலிருந்து ஒன்றுகூடச் சாகவில்லை என்றல்லவா வீட்டில் பேச்சு!

வெளியே யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள். இவர் ஸ்கூட்டர் யாருடைய காரையோ மறித்துக்கொண்டு நிற்கிறதாம். “இதோ வந்துட்டேன்” என்று அவர் சாவியைத் தடவிக்கொண்டே போனார்.

அவர் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், அவள் மேஜைமேல் சாய்ந்தாள்.

“தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எப்படியாவது அந்தப் பெரிய லைட்டை அவர் தலையில கட்டிடுங்க. அந்தப் பழைய லைட்டுல பவளம் ஒண்ணும் தங்க மாட்டேங்குது. வெளிறி வெளிறிச் செத்துப்போகுது. அவர் பாக்கறதுக்குள்ள இங்க ஓடி வந்து அதே கலர், அதே சைசுன்னு தேடி வாங்கிட்டுப் போய் வைக்கறேன். எனக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு ராத்திரி ஷிஃப்ட். அதனால இத்தனை நாள் மாட்டிக்காம ஓடிடுச்சு. இனிமே என்னால முடியாது தம்பி.”

“அக்கா...”

“உப்புத்தண்ணி கலக்கிக் கலக்கிக் கையெல்லாம் பாருங்க, எப்படி வெடிச்சுக் கிடக்குன்னு. வேலை முடிஞ்சு வந்து அக்கடான்னு உக்காந்தா அந்தத் தொட்டி என்னையே பாக்குது. அதைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது!”

“அப்புறம் எதுக்குக்கா இத்தனை பாடு?”

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். “எங்களுக்கு ஒரே பொண்ணு. அவ வேலைக்குன்னு வெளிநாடு போனதும் இந்த மனுஷன் வாயைத் திறக்கறதையே விட்டுட்டார். ஏதோ ஒரு வேகத்துல இந்தத் தொட்டியை வாங்கி வச்சோம். அதுக்கப்புறம்தான் பேச்சே வந்தது. இன்னிக்கு வரைக்கும் நாங்க பேசறதெல்லாம் அதைப் பத்தித்தான். ஒண்ணு செத்துச்சுன்னு தெரிஞ்சா மறுபடி மூலையில உக்காந்துடுவார். திரும்ப அந்த வீட்ல அப்படி ஒரு அமைதியை என்னால தாங்க முடியாது தம்பி.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாததை இந்த மீன் கடையில் கொட்டித் தீர்த்ததில் வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

கடைக்காரர் பெரிய விளக்கை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

“அக்கா, நீங்க சாயங்காலத்துல வர்றீங்க. காலையில ஒருத்தர் வருவார். உங்களை மாதிரியே அதே கலர், அதே சைசுன்னு கடையைப் புரட்டிப் போட்டுடுவார். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு சத்தியமா எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

அவள் திரும்பி, வெளியே ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

“போன வாரம்கூட உங்க வீட்டுக்காரர் இதே இடத்துல நின்னு என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? ‘பொண்ணு போனதுலேருந்து என் பொண்டாட்டிக்கு இந்தத் தொட்டிதான் உயிர், இல்லேன்னா இந்தச் சனியனை நான் என்னிக்கோ தூக்கிப் போட்டிருப்பேன்’னு சொன்னார்க்கா.”