பன்னிரண்டுக்குள் ஒரு கட்டளை

அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கறுப்புத் திரை ஒன்பதாவது முறையாகச் சொன்னபோது, அண்ணன் அதன் கண்ணைக் குத்திவிடுவதுபோல் விரலை நீட்டினார்.

அண்ணன் என்பது அலுவலகம் வைத்த பெயர். பிரிவுக்கே மேலாளர். கூட்டம் நடத்துவார், கையெழுத்துப் போடுவார். தன் கையால் ஒரு கட்டளை தட்டிப் பதினோரு வருடம் ஆகிறது.

நிறுவனத்தின் மென்பொருள் முழுவதும் நூற்றுச் சொச்சம் கணினிகளில், கண்டெய்னர் என்று அவர்கள் சொல்லும் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் ஓடுகிறது. அந்த மந்தையை மேய்க்க ஒரு கருவி உண்டு. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. பிசகாமல் தட்டினால் கேட்கும். பிசகினால் கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதை நிறுவி, ஒரே ஒரு கட்டளையைப் பன்னிரண்டு மணிக்குள் தட்டியாக வேண்டும். என்ன கட்டளை என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. காலையில் இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். முடியாவிட்டால், முடிக்கத் தெரிந்த ஒருவர் திங்கள்கிழமை அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. வேறு நாற்காலி தர யாரும் வாசலில் வரிசை கட்டி நிற்கவில்லை.

அலுவலகத்தில் அந்தக் கருவி தெரிந்த ஒரே ஆள் கடுகு. ஆள் சிறிசு, காரம் பெரிசு. மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணி வரை தனியாக மல்லுக்கட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் அண்ணன் அவனுக்கே ஃபோன் போட்டிருந்தார்.

"மறுபடியும் இல்லைங்குது தம்பி. எறக்கி வச்சிட்டேன், கண்ணு முன்னாடி இருக்கு."

"டவுன்லோடுல கெடக்கும்ணே. ஆளைக் கூட்டிட்டு வந்து தெருவுல நிக்க வச்சிட்டு, வீட்டுக்குள்ள தேடுனா எப்படி? தூக்கிச் சரியான எடத்துல போடுங்க."

போட்டார். கருவி கண் திறந்தது. திறந்ததும், நான் புதுசு, உங்கள் மந்தை பழசு, நமக்கு ஒத்துவராது என்றது.

பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து இறக்கினார். அது சமாதானமாகி, சரி, மந்தை எங்கே என்று கேட்டது.

அதைச் சொல்லும் கோப்பைக் கடுகு அனுப்பினான். போட வேண்டிய ஃபோல்டர் கண்ணுக்கே தெரியவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால் ஒளிந்துகொள்ளுமாம். ஒளிந்ததைக் கண்டுபிடித்து உள்ளே போட்டால், கோப்பையே காணோம் என்றது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், சேமிக்கும்போது அதன் வாலில் கணினி தன் இஷ்டத்துக்கு மூன்று எழுத்தை ஒட்டி வைத்திருந்தது.

இதற்குள் அண்ணன் நான்கு குடம் தண்ணீர் குடித்திருந்தார். விசைப்பலகையில் அவர் அடித்த அடி மூன்று மாடி தாண்டிக் கேட்டு, யாரோ சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்று புகார் போனது.

பதினொன்று நாற்பதுக்குக் கருவி ஒருவழியாக மந்தையின் வாசல்வரை போனது. போய், அனுமதி இல்லை என்றது.

"எங்க மாமனாரே என்னை இத்தனை தடவ வாசல்ல நிறுத்துனதில்லப்பா," என்றார் அண்ணன்.

கடுகு விழுந்து விழுந்து சிரித்தான். "இருங்க, எனக்கு இருக்கிற முழு அதிகாரத்தையும் உங்களுக்கும் குடுத்துடறேன். கத்துக்கங்கன்னு பத்து வருசமா கெஞ்சினேன், இன்னிக்குத்தான் மனசு வந்திருக்கு. இனிமேலாவது நான் ரெண்டு நாள் நிம்மதியா லீவு போடலாம்."

ஒரு நிமிடம். பிறகு, பெட்டிகளின் பெயர்கள் திரை நிறைய மளமளவென்று இறங்கின. அண்ணன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு ஆளோட அதிகாரத்தை எடுக்கணும்னா என்ன பண்ணணும்?"

"அது ஒரே வரிண்ணே. அனுப்பறேன். கடைசில பேரை மட்டும் மாத்திக்கங்க. யாருது?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலைய விட்டுப் போற ஆளு. மேல சொன்னாங்க."

"அப்ப உடனே எடுத்துடுங்க. போற ஆளு கையில சாவி இருந்தா நமக்குத்தான் தலைவலி."

வரி வந்தது. பெயரைப் போட்டார். தட்டினார்.

காலையிலிருந்து ஆயிரத்தெட்டுக் குறுக்குக் கேள்வி கேட்ட கருவி, இதற்கு மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. நிச்சயமா என்றுகூடக் கேட்கவில்லை. நீக்கப்பட்டது என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

"ஆச்சாண்ணே?"

"ஆச்சு."

"பாத்தீங்களா, இதுக்குப் போயி இவ்வளவு பயம்." கடுகு தன் வேலைக்குத் திரும்பிவிட்டான் போல. விசைகள் தட்டும் சத்தம் ஃபோனில் கேட்டது. நின்றது. மறுபடி, கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

"அண்ணே, எனக்கு எதைத் தட்டுனாலும் அனுமதி இல்லைங்குது. நீங்க உள்ளதான இருக்கீங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. அந்த அலுவலகத்தில் முதலில் கதவைச் சாத்துவார்கள், பிறகுதான் சேதி சொல்வார்கள். பணியாளர் பிரிவிலிருந்து கடுகுக்கு ஃபோன் வர இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

"வயரு சரியா மாட்டியிருக்கான்னு பாரு தம்பி," என்றார் அண்ணன்.