எதிர்க்கட்சியின் கதவு

"ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லன்னா திறந்து காட்ட வேண்டியதுதானே?"

விடுதித் தலைவி கேட்டாள். மகளிர் விடுதியின் மாடி நடைவழி மொத்தமும் அவள் பின்னால் நின்றது.

அறை வாசலில், இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக் குறுக்கே நின்றவளுக்கு விடுதியில் 'எதிர்க்கட்சி' என்று பெயர். எதற்கும் கை தூக்க மாட்டாள். போன மாதம் தலைவி தொண்டைத் தண்ணி வற்றப் பேசி, சமையலறை அலமாரிகளின் பூட்டுகளைக் கழற்ற வைத்தபோதும் இவள் ஒருத்திதான் எதிர்த்தாள்.

"மனுஷங்களை நம்பினா அவங்க நல்லவங்களாத்தான் நடந்துப்பாங்க" என்றாள் அன்று தலைவி.

"அப்ப வாசல்ல வாட்ச்மேன் எதுக்கு? அவரையும் வீட்டுக்கு அனுப்பிடலாமே" என்றாள் எதிர்க்கட்சி.

இப்போது நர்ஸ் அக்காவின் கைக்கடிகாரத்தைக் காணோம். பாத்திரம் கழுவுவதற்காகக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தது. நேற்று மாலை கரண்ட் போய் வருவதற்குள் மாயம். இன்றைக்குள் கிடைக்காவிட்டால் எல்லா அலமாரிக்கும் மறுபடி பூட்டு என்று வார்டன் சொல்லிவிட்டார். தலைவிக்கு மானப் பிரச்சினை. அறை அறையாகச் சோதனை போடக் கிளம்பினால், படிக்கட்டை ஒட்டிய முதல் அறையிலேயே முட்டுக்கட்டை.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. உனக்கு மட்டும் என்னடி?"

"எத்தனை பேர் கை தூக்கினாலும் இது என் அறை. என்னைக் கேக்காம யாரும் உள்ள வரக் கூடாது."

"கேக்கத்தானே செய்றோம்."

"மாட்டேன்னு சொல்லியாச்சே."

நர்ஸ் அக்கா முன்னால் வந்தாள். "அப்பா வாங்கிக் குடுத்ததும்மா. இப்ப அவரும் இல்ல. எடுத்திருந்தா குடுத்துடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நான் எடுக்கலக்கா."

"அப்ப காட்டேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எடுக்கலன்னு நான் ஏன் காட்டணும்? எடுத்தேன்னு சொல்றவங்க காட்டுங்க."

பேச்சில் நியாயம் இருந்தது. தலைவிக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி. ஒண்ணு கதவைத் திற, இல்ல பெட்டியைக் கட்டு. இதுக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. நர்ஸ் அக்காவின் கை கடைசியாக.

எதிர்க்கட்சி நிலையில் ஊன்றிய கைகளை எடுத்தாள். உள்ளே போய்த் தாழ் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

தலைவிக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் மாலையில் கல்லூரியில் கூட்டம்; அவள்தான் பேச வேண்டும். நேற்று அந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே விரித்து எழுதி, கரண்ட் போனதும் இருட்டில் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்த துணிப் பதாகை அவள் அறையில் கிடந்தது. பெயின்ட் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க, நடைவழிக்குக் கொண்டுவந்து உதறினாள்.

'தனிமனித சுதந்திரம்' என்று எழுத்துகள் விரிந்தன. கூடவே ஏதோ டக்கென்று தரையில் விழுந்தது.

கடிகாரம்.

நர்ஸ் அக்கா அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இருட்டுல துணியோட சேர்ந்து சுருண்டிருக்கும். சத்தியமா எனக்குத் தெரியாது."

"நல்லா கதை விடுறா" என்றாள் ஒருத்தி.

"என் ஹெட்போனும் ரொம்ப நாளா காணோம். இவ அறையைப் பாருங்கடி."

"வேணாம். அது என் அறை" என்றாள் தலைவி. சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

"ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லன்னா திறந்து காட்ட வேண்டியதுதானே?"

கேட்டுக்கொண்டே கூட்டம் அவளைத் தாண்டி அறைப் பக்கம் நகர்ந்தது.

பெட்டியோடு வெளியே வந்த எதிர்க்கட்சி ஒரு கணம் பார்த்தாள். பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். எல்லாரையும் முந்திக்கொண்டு போய், தலைவியின் அறை வாசலில், இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக் குறுக்கே நின்றாள்.

"அவளைக் கேக்காம யாரும் உள்ள வரக் கூடாது."