எந்தத் தோள்

“சுட்டா எவ்வளவு தூரத்துக்குச் சத்தம் கேக்கும்?” என்று ராய்ஸ் கேட்டதும் மார்லா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

கடைக்காரர் விர்ஜில் சிரித்தார். “வெடிமருந்துத் துப்பாக்கி மாதிரி இது ஊரைக் கூட்டாதுப்பா. காத்துல சுடறதுதானே. முனையில இந்தக் குழாயை மாட்டிக்கிட்டேன்னா, பக்கத்து வீட்டுக்காரன் கார் கதவைச் சாத்துறான்னு நினைச்சுக்குவாங்க.”

பக்கத்து வீட்டுக்காரன். அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்லா தூண்டில் அடுக்கின் பக்கம் திரும்பி, தனக்கு வேண்டாத ஒரு நரம்புச் சுருளைக் கையில் எடுத்தாள்.

பெட்ரோல் போடப் போனாலும் தனியாகப் போகிறவன் அவள் கணவன் ராய்ஸ். இன்று காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, “நீயும் வா” என்றான். எதற்கு என்று கேட்டாள். வந்தால் தெரியும் என்றான்.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு தோட்டாத் துப்பாக்கிகள் இருக்கின்றன. டெக்சஸில் இருக்கிற காட்டுப்பன்றிகள் எல்லாம் திரண்டு வந்தாலும் அந்த இரண்டே போதும். மூன்றாவதாக, அதுவும் சத்தம் வராத ஒன்று எதற்கு?

அவளுக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்றுதான். இவனுக்குத் தெரிந்துவிட்டது.

ராய்ஸ் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு மேற்கே போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருவான். அப்படிப் போயிருந்த கோடையில்தான், பக்கத்துப் பண்ணைக்காரன் கர்ட் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்ய வந்தான். மோட்டார் ஒரே நாளில் சரியாகிவிட்டது. அவன் வருவது நிற்கவில்லை. இலையுதிர் காலம் வந்ததும் அவளே போதும் என்றாள். அவனும் சரி என்றான். யாருக்கும் தெரியாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

விர்ஜில் மேசைமேல் மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தார். ராய்ஸ் சின்னதை எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கினான். பெரிய துளை உள்ளதுதான் வேண்டும், ஒரே அடியில் விழவேண்டும், அடிபட்டுக் கிடந்து துடிக்கக் கூடாது என்றான்.

“நூத்தம்பது கஜத்துல அடிக்குமா?”

“அடிக்கும். ஆனா குண்டு கனம் பாரு, அவ்வளவு தூரத்துல நல்லாவே கீழ இறங்கும். தூரத்தைக் குத்துமதிப்பாச் சொன்னா வேலைக்காகாது.”

“அளந்துட்டேன்” என்றான் ராய்ஸ்.

மார்லாவும் மனதுக்குள் அளந்தாள். தங்கள் வேலியிலிருந்து கர்ட் வீட்டு வாசல் அவ்வளவு தூரம்தான் இருக்கும். காபி குடிக்க அவன் காலையில் அங்கேதான் வந்து உட்காருவான்.

கையிலிருந்த நரம்புச் சுருள் பிரிந்து தரையில் ஓடியது. குனிந்து சுற்றத் தொடங்கினாள். கர்ட்டை எப்படியாவது எச்சரிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனை எடுத்துக்கொண்டு போகலாமா?

“அப்படி என்னப்பா அவசரம்?” என்றார் விர்ஜில். “உன் வயல்ல பன்றி புகுந்துருச்சா?”

“என் வயல்ல இல்ல. கர்ட் வயல்ல. எங்க வேலி ஓரமா நுழைஞ்சு நிலக்கடலையைத் தோண்டித் தள்ளுது. அவன் வாசல்ல இருந்தே சுடலாம், ஆனா மருந்துத் துப்பாக்கின்னா சினைக் குதிரைங்க மிரளுதாம். சனிக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். நான் இல்லாத நேரமெல்லாம் எங்க வீட்டைப் பாத்துக்கிட்டவன், அதான் வாங்கிக் கொடுக்கலாம்னு.” அவன் மார்லாவைப் பார்த்துக் கண்ணடித்தான். “முன்னாடியே சொன்னா இவ அவன்கிட்ட உளறிடுவா.”

மார்லாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது. பாவி மனுஷன், இதற்காகவா என்னை இப்படிக் கலக்கினாய்! மேசைக்கு வந்து அவன் தோளைத் தட்டினாள், பெரிய துப்பாக்கியைத் தடவினாள், தொலைநோக்கி கொஞ்சம் நல்லதாகவே போடுங்கள் என்றாள். வார்த்தைகள் தாமாகவே வந்து விழுந்தன.

விர்ஜில் பட்டியலைப் புரட்டினார். “ஒண்ணு கேக்கணும். குண்டு போட இழுக்குற கைப்பிடி வலப்பக்கமா, இடப்பக்கமா? அவர் எந்தத் தோள்ல வச்சுச் சுடுவாரு?”

“எல்லாரையும் மாதிரி வலதுதான்” என்றான் ராய்ஸ்.

“ஐயோ, வலது வேண்டாம்” என்றாள் மார்லா. “குதிரை தள்ளிவிட்டதுல அந்தத் தோள்ல தகடு வச்சுத் தச்சிருக்கு. அதுமேல தலையை வச்சுப் படுத்தாக்கூட அவருக்கு வலிக்கும்.”

விர்ஜிலின் பேனா பாதியில் நின்றது. அவர் மெதுவாகப் பட்டியலை மூடிவிட்டு, அடுக்கில் நேராக இருந்த குண்டு டப்பாக்களை மறுபடி நேராக்கினார்.

ராய்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை.

பிறகு பெரிய துப்பாக்கியைக் கையில் எடுத்தான். தன் வலது தோளில் பொருத்திப் பார்த்தான்.

“கைப்பிடி வலப்பக்கமே இருக்கட்டும், விர்ஜில்” என்றான். “இதை நானே வச்சுக்கிறேன்.”