இரண்டாவது வயர்

குமரவேல் நினைப்பதைக் கால்களுக்குச் சொல்வது அடிபட்டுப்போன அவன் முதுகெலும்பு அல்ல, மாடியறையில் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர். போன வாரம் அது அவனைப் படிக்கட்டில் கைவிட்டது. ஒரு லைன் போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு வயர் போட்ட மனைவி பூங்கோதை, இரண்டையும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் செருகியிருந்தாள். சுவிட்ச் கருகியதும் இரண்டும் சேர்ந்தே செத்தன. பத்து வருடமாக சர்வர் வேலையே பார்க்கிறவள். அவளுக்கு மனசே ஆறவில்லை.

இன்று ஒவ்வொரு வயருக்கும் தனி சுவிட்ச். பூங்கோதை சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். குமரவேல் கீழே முதல் படியருகே நின்றான்.

"படியில மெத்தை போட்டுட்டுப் பாக்கலாமுங்க."

"மெத்தையெல்லாம் வேண்டாம் புள்ள. நான் பாட்டுக்கு ஏறறேன். வயரக் கழட்டப் போறேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத."

ஏறினான். மூன்றாவது படி, ஐந்தாவது படி. எட்டாவது படிக்கு அவன் காலைத் தூக்கியபோது பூங்கோதை கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் வயரை இழுத்தாள்.

காலடிச் சத்தம் நிற்கவில்லை.

மேலே வந்து சேர்ந்தவன் சலித்துக்கொண்டான். "பயந்துட்டியாக்கும்? கழட்டு புள்ள, மறுபடியும் கீழிருந்து வர்றேன்."

பூங்கோதை கையிலிருந்த வயரைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் வயரைப் பார்த்தான், தன் கால்களைப் பார்த்தான். பிறகு திரும்பி, இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினான்.